அப்பப்பாவின் இரு கட்டைகளும் ஸ்கார்லற்றியின் சொனாற்றாக்களும்

இக்கட்டுரையை ஒரு நிலநடுக்கத்திலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி காலையில், சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்காக மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த வேளையில், போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பன் குலுங்கிச் சரிந்தது. தப்பியோர் ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே நீர் எழுந்து வந்து அவர்களிற் பலரைக் கொண்டு சென்றது. எஞ்சிய நகரைத் தீ பல நாட்களாகத் தின்றது. எமது இரண்டாம் வருட ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் இந்நிகழ்ச்சி பற்றி ஓர் ஒப்படை எழுதவேண்டியிருந்தது. வோல்ற்றேயர் முதலிய சிந்தனையாளர்கள் இதனால் எவ்வளவு தூரம் கலங்கினர் என்பதை எடுத்துக்காட்டினால் அந்த ஒப்படைக்குப் போதும். நானும் அவ்வாறே எழுதிப் புள்ளியும் பெற்றேன்.

ஆயினும் என் மனம் சிந்தனையாளர்களிடம் நிற்கவில்லை. அன்று அழிந்த அரண்மனையில் 70,000 நூல்கள் வரையிற் கொண்ட நூலகம் ஒன்று இருந்ததென்பர். அதனோடு, நான்காம் ஜோன் என்னும் மன்னன் முந்திய நூற்றாண்டிற் சேர்த்து வைத்த இசைநூற் களஞ்சியமும் போயிற்று. அக்களஞ்சியத்தின் பட்டியலில் முதற்பகுதி மாத்திரம் 1649ஆம் ஆண்டில் அச்சிடப்பட்டிருந்தது. இசை எரிந்துவிட்டது, அங்கே என்னென்ன இசை இருந்தது என்ற பட்டியல் இன்றும் இருக்கின்றது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று. எனக்கோ பட்டியல் என்றதும் வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. 2010இல் நாம் வட்டக்கச்சிக்கு மீண்ட பின்னர், இழந்த உடைமைகளை எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருந்தார்கள். தறப்பாளின் கீழே மேசை போட்டு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அப்பப்பா சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று, துவிச்சக்கரவண்டி இரண்டு, பசு மூன்று, ஆர்மோனியம் ஒன்று, கூத்துக் கொப்பி இரண்டு. கொப்பிக்கு என்ன பெறுமதி போடுவது என்று எழுதியவர் மரியாதையாகத்தான் கேட்டார். அப்பப்பா சிறிது நேரம் யோசித்தார்.

"அதை வெட்டிவிடுங்கோ தம்பி" என்றார்.

அப்பொழுது எனக்கு எட்டு வயது. வெட்டிய அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லிஸ்பன் பற்றிப் படித்த நூலொன்றிற் போகிறபோக்கில் ஒரு பெயர் வந்தது. அந்த அரண்மனையிற் சில ஆண்டுகள் இசைப் பணியாற்றிய நேப்பிள்ஸ் நகரத்தவர் ஒருவர், அங்கு இயற்றியவற்றிற் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை என்று அதிற் குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் பெயர் டொமெனிக்கோ ஸ்கார்லற்றி. இழந்ததைத் தேடும் பழக்கத்தினால் அந்தப் பெயரைத் தொடர்ந்து போனேன். கிடைத்ததோ இழக்கப்படாத 555 சொனாற்றாக்கள்.

ஸ்கார்லற்றி 1685ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி பிறந்தவர். பாஹ், ஹண்டல் ஆகிய இருவரும் அதே ஆண்டிற் பிறந்தவர்களே. இவருடைய தந்தையார் அலெஸ்ஸாந்ரோ ஸ்கார்லற்றி இசைநாடகத் துறையில் இத்தாலி முழுவதும் அறியப்பட்டவர். அத்தகைய தந்தைக்கு மகனாய்ப் பிறந்து அதே துறையில் நடப்பது எளிதன்று. மகன் எழுதிய இசைநாடகங்களும் தேவாலய இசையும் குறைந்தவையல்ல. எனினும் அவற்றை மாத்திரம் எழுதியிருந்தால் இன்று அவரை நூலாசிரியர்களே அறிந்திருப்பர். றோமாபுரியில் அவரும் ஹண்டலும் போட்டியிட்டு வாசித்த கதை ஒன்று உண்டு. ஓர்கன் வாத்தியத்தில் ஹண்டலே வென்றாரென்றும், ஹாப்சிகோட் வாத்தியத்தில் எவர் மேலானவர் என்பதிற் கேட்டோர் பிரிந்து நின்றனரென்றும் அக்கதை கூறும்.

1719ஆம் ஆண்டில் அவர் லிஸ்பனுக்குச் சென்றார். ஐந்தாம் ஜோன் மன்னனின் மகள் மரியா பார்பராவுக்கு அப்பொழுது எட்டு வயது. அச்சிறுமிக்கு விசைப்பலகை வாசிக்கக் கற்பிப்பது அவருடைய கடமைகளுள் ஒன்றாயிற்று. 1729இல் அவள் ஸ்பானிய இளவரசனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றாள். ஆசிரியரும் உடன் சென்றார். முதலில் செவில், 1733 முதல் மட்றிட். மாணவி 1746இல் ஸ்பானிய அரசியானாள். ஆசிரியர் 1757இல் இறக்கும்வரை அவளைச் சார்ந்தே வாழ்ந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவியும்! இசை உலகில் இத்தகைய தொடர்பு வேறெங்கும் இருந்ததாக நான் அறியேன். தமது ஐம்பதாம் வயதைக் கடந்த பின்னர், 1738இல், முப்பது சொனாற்றாக்களைப் 'பயிற்சிகள்' என்ற அடக்கமான தலைப்போடு லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். ஆழ்ந்த புலமையை இதில் எதிர்பார்க்கவேண்டாம், கலையோடு ஆடிய விளையாட்டையே காண்பீர்கள் என்ற பொருளில் அதற்கு ஒரு முன்னுரையும் எழுதினார். மீதி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை பற்றிப் பின்னர் கூறுவேன்.

சொனாற்றா என்றதும் மூன்று நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட ஆக்கங்களே பலருக்கு நினைவுக்கு வரும். அவை பின்னாளில் வந்தவை. ஸ்கார்லற்றியின் சொனாற்றா பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு இரண்டே பாதிகள். முதற்பாதி தொடங்கிய சுருதியை விட்டு வேறொரு சுருதிக்குப் போய் நிற்கும். அதனை மீண்டும் ஒருமுறை வாசிப்பர். பிற்பாதி அங்கிருந்து புறப்பட்டு, எதிர்பாராத இடங்களில் அலைந்து, முதற்பாதி எந்த வாசகத்தோடு முடிந்ததோ அதே வாசகத்தைத் தொடக்கச் சுருதியிற் சொல்லி முடியும். அதனையும் மீண்டும் ஒருமுறை வாசிப்பர். ஐந்நூற்றைம்பத்தைந்திலும் மிகப் பெரும்பாலானவை இவ்வமைப்பினவே. வெண்பாவின் யாப்பு ஒன்றாயிருக்க, நளவெண்பாவில் ஒரு வெண்பாப் போல மற்றொன்று இல்லாதிருப்பதை இதற்கு ஒப்பிடலாம். இப்பிற்பாதியை 'வீடு திரும்புதல்' என்று வருணிக்கும் ஆசை எனக்கும் உண்டாயிற்று. நாம் திரும்பிவந்த வீட்டிற்குக் கூரையும் கதவும் இருக்கவில்லை. ஆகவே அவ்வுவமையைக் கைவிட்டேன்.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஹாப்சிகோட் பார்வைக்குப் பியானோவைப் போன்றது. ஆனால் பியானோவிற் சுத்தியல் கம்பியை அடிக்கும்; ஹாப்சிகோட்டில் இறகின் தண்டிலிருந்து வெட்டிய சிறு முள் கம்பியை மீட்டும். ஓசை வீணைக்கு உறவு. எனினும் வீணைக்காரரின் விரல் கம்பியிலேயே இருக்கின்றது. இழுத்து, அசைத்து, சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்கின்றது. ஹாப்சிகோட்டிலோ விரலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு பொறி நிற்கின்றது. மெல்ல அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஓசை ஏறத்தாழ ஒன்றே. பிறந்த ஓசையை நீட்டவும் முடியாது, வளைக்கவும் முடியாது.

இதனைப் படித்தபொழுது எனக்கு அப்பப்பாவின் ஆர்மோனியம் நினைவுக்கு வந்தது இயல்பே. ஆர்மோனியமும் ஐரோப்பாவிற் பிறந்தது. பரிஸ் நகரில் 1840களில் அலெக்ஸாந்தர் டெபாங் என்பவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். காலால் மிதித்து வாசித்த அதனைத் தரையிலிருந்து கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் பெட்டியாகக் கல்கத்தாவில் 1875 அளவில் துவாரகநாத் கோஷ் மாற்றியமைத்தார். நாடகக் குழுக்களோடு அது ஊரூராகப் பரவிற்று. கமகம் பேசாத பெட்டி என்று சங்கீதம் அறிந்தோர் அதனை வெறுத்தனர். பாரதியாரே அதனைக் கடுமையாகச் சாடி எழுதியிருக்கிறார். அகில இந்திய வானொலி 1940இல் அதனைத் தடைசெய்தது. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. சபைகளில் இடமில்லாத அந்த வாத்தியம் எங்கள் பக்கத்துக் கூத்துக் கொட்டகைகளில் மன்னனாக இருந்தது. யாழ்ப்பாணத்து இசைநாடக மேடைகளை அது எவ்வாறு ஆண்டதென்பது நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். வன்னியிலும் காத்தவராயன் கூத்து விடியும்வரை ஆடப்படும்பொழுது, உடுக்கோடும் மிருதங்கத்தோடும் ஆர்மோனியம் சேராவிட்டாற் சிந்துநடைக்கு உயிர் வராது.

அப்பப்பா குடியேற்றத் திட்டத்தில் தாய் தந்தையரோடு சிறுவனாக வட்டக்கச்சிக்கு வந்தவர். பகலில் வயல், இரவில் ஆர்மோனியம். அண்ணாவியார் ஒருவரின் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியதே அவர் கற்ற கல்வி. எமது பெட்டி 2008 இறுதியில் இடம்பெயர்ந்தபொழுது லான்ட்மாஸ்ரரில் எம்மோடு வந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வோரிடத்திலும் சுமை குறைந்துகொண்டே போயிற்று. உடையார்கட்டில் ஒரு வளவில், பாலை மரத்தடியில், சாக்குச் சுற்றி அதனை வைத்துவிட்டு நடந்தோம். கூத்துக் கொப்பிகள் பெட்டியின் உள்ளே இருந்தன. திரும்பிச் சென்று தேடியபொழுது மரமும் இல்லை.

இப்பொழுது வீட்டில் இருப்பது யாழ்ப்பாணத்திற் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய பெட்டி. பேராதனையிலிருந்து சென்ற விடுமுறைக்குப் போனபொழுது, திண்ணையில் அதன் துருத்திக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அப்பப்பாவின் பக்கத்தில் இருந்து, கைத்தொலைபேசியில் ஸ்கார்லற்றியின் சொனாற்றா ஒன்றை ஒலிக்கவிட்டேன். அது 380 என்று எண்ணிடப்பட்டது. தூரத்திற் கொம்பும் முரசும் ஒலிப்பது போன்ற ஒரு தாளக்கட்டு அதில் திரும்பத் திரும்ப வரும். பிற்காலத்தவர் அதற்கு 'ஊர்வலம்' என்று பெயரிட்டனர். ஆக்கியோன் இட்ட பெயரன்று. இவற்றுள் ஒன்றையும் நான் அப்பப்பாவுக்குச் சொல்லவில்லை.

முதற்பாதி முடியும்வரை அவர் நிமிரவில்லை. அது இரண்டாம் முறை தொடங்கியதும் பசைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எங்கையோ சாமி வெளியிலை வருது போலை கிடக்கு" என்றார். "உது ஆர் பிள்ளை வாசிக்கிறது?"

வாசிப்பவர் பெயர் ஸ்கொற் றொஸ் என்றும், 555 சொனாற்றாக்களையும் அவர் வாசித்து 1984இலும் 1985இலும் ஒலிப்பதிவு செய்தார் என்றும், 1989இல் முப்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன். அப்பப்பா "ச்சா" என்றார். அதன் பின்னர் 141 எண்ணுடையதைப் போட்டேன். வலக்கை ஒரே கட்டையை அறுமுறை அறுமுறையாக மின்னல் வேகத்தில் தட்டிக்கொண்டு போகும் ஆக்கம் அது. கிற்றார், மண்டலின் முதலிய வாத்தியங்களில் ஒரு கம்பியை விடாது மீட்டும் ஓசையை அது விசைப்பலகைக்குக் கொண்டுவருகிறதென்பர். அப்பப்பா அதனைத் தவில் என்றே கொண்டார். ஒரு விரலால் அவ்வாறு தட்டமுடியாது, மூன்று விரல்கள் மாறிமாறி வரவேண்டும் என்று தம் பெட்டியில் மெல்லத் தட்டிக் காட்டினார். வாசிப்போர் விரல் மாற்றித்தான் வாசிக்கிறார்கள் என்பதைப் பின்னர் காணொளியிற் பார்த்தேன்.

இவ்விடத்தில் எனது தவறு ஒன்றைக் கூறவேண்டும்.

அந்த விடுமுறையில் அப்பப்பா நினைவிலிருந்து வாசிக்கும் கூத்து மெட்டுக்களைச் சுரப்படுத்தி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருந்தேன். பாடசாலையிற் சங்கீதம் படித்தவள் என்பதால் அது இயலுமென்று நம்பினேன். காத்தானின் வரவுப் பாட்டில், மேலிருந்து இறங்கி வரும் ஓரிடத்தில், அவர் காந்தாரத்தையும் அதற்கு அடுத்த மத்திமத்தையும் ஒருங்கே அழுத்தினார். செவியைக் குத்தும் ஓசை. முதுமையில் விரல் தவறுகிறதென்று எண்ணினேன். காந்தாரத்தை மட்டும் எழுதினேன். மறுநாள் நான் எழுதியபடி பாடிக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீ எழுதினது வடிவாய்த்தான் கிடக்குப் பிள்ளை. ஆனால் அது நான் வாசிச்சதில்லை."

பின்னர் அதன் வரலாற்றைச் சொன்னார். அண்ணாவியாரின் பழைய பெட்டியில் அந்த மத்திமக் கட்டை இறுகிப்போய், காந்தாரத்தை அழுத்தினால் தானும் சேர்ந்து அமிழ்ந்துவிடுமாம். திருத்துவதற்குக் காசில்லாமற் பல ஆண்டுகள் அப்படியே வாசித்தார்கள். ஒருமுறை கட்டை திருத்தப்பட்டு வந்தது. அன்றிரவு காத்தானாக வேடம் பூண்டவர் வரவுப் பாட்டின் நடுவில் நின்றுவிட்டார். அந்தக் குத்து எங்கே, அதைக் கேட்டுத்தானே நான் காலை வைப்பது என்று கேட்டாராம். அன்றுதொட்டு இரண்டு கட்டைகளையும் தெரிந்தே அழுத்தினார்கள். உடுக்கு ஓய்ந்து ஆட்டக்காரர் அடியெடுத்து வைக்கும் கணத்திற்கு அந்த ஓசை உரியதாயிற்று. நான் திருத்தியது பிழையை அன்று. ஓர் ஆட்டக்காரரின் காலடியை.

விடுதிக்குத் திரும்பியபின் ஸ்கார்லற்றி பற்றி மேலும் படித்தபொழுது, எனக்கு முன்னரே ஒரு பெருமகன் இதே காரியத்தைச் செய்திருப்பதை அறிந்தேன். அலெஸ்ஸாந்ரோ லொங்கோ என்னும் இத்தாலியப் பியானோக் கலைஞர் 1906 முதல் ஸ்கார்லற்றியின் சொனாற்றாக்களைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். அவருக்கு உலகம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் ஸ்கார்லற்றிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓசை நீளாத, வளையாத அந்த வாத்தியத்தில், உணர்ச்சி உச்சத்தை அடையும் இடத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாத அடுத்தடுத்த சுரங்களைக் கை நிறைய அள்ளி ஒருங்கே அழுத்துவார். 119 எண்ணுடைய சொனாற்றாவில் இது ஒரு படை நடப்பதுபோற் பெருகிச் செல்லும். ஸ்பானிய நாட்டில் அவர் கேட்ட கிற்றாரின் சாயல் அது என்பர் அறிஞர். விரல்கள் மெட்டைப் பிடித்திருக்க, பிடிபடாத கம்பிகளும் உடன் அதிரும் அல்லவா? இவற்றுட் பலவற்றை எழுதியோரின் கைத்தவறு என்று கொண்டு லொங்கோ மென்மைப்படுத்தியும் நீக்கியும் அச்சிட்டார். அரை நூற்றாண்டு காலம் உலகம் திருத்தப்பட்ட ஸ்கார்லற்றியையே பெரும்பாலும் வாசித்தது.

அமெரிக்கராகிய றால்ஃப் கேர்க்பற்றிக் 1953இல் வெளியிட்ட நூல் இந்நிலையை மாற்றிற்று. பழைய கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டு, அந்தக் குத்தும் ஓசைகள் ஆக்கியோன் வேண்டி வைத்தவையே என்று அவர் நிறுவினார். இன்று நாம் வழங்கும் எண்களும் அவர் இட்டவையே. இவ்வறிஞர் மட்றிட்டில் ஆய்வு செய்தபொழுது தொலைபேசி விபரக்கொத்தைப் புரட்டி ஸ்கார்லற்றி என்ற பெயரைத் தேடினாராம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர். ஆய்வு முறையியல் விரிவுரைகளில் இந்த உபாயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கார்லற்றியின் நிலைத்த கவர்ச்சி யாதென்று கேட்பாருக்கு விரல்வித்தை என்றும், கைகள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும் விளையாட்டென்றும், ஸ்பானிய வீதிகளின் வாசனை என்றும் நூல்கள் விடை கூறும். அவை உண்மையே. விளாடிமிர் ஹொறோவிற்ஸ் பியானோவில் இவற்றை வாசித்துக் கேட்டால் விரல்வித்தை என்பதை யார் மறுப்பார்? எனினும் என்னளவில், செவியைக் குத்தும் அந்த இடங்களிலேயே இவ்விசை இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. மற்றைய இடங்களில் ஒரு நூற்றாண்டின் நாகரிகம் கேட்கிறது, நேர்த்தியான நாகரிகந்தான். அந்த இடங்களில் மாத்திரம் ஒரு மனிதர் எதனையோ கேட்டார், அதனை விடமனமில்லாதிருந்தார் என்பது தெரிகிறது. 208 எண்ணுடைய மெதுவான சொனாற்றாவைக் கேட்பவர் இதனை உடனே உணர்வர். அதில் அள்ளி அழுத்தும் கொத்துக்கள் இல்லை. இடக்கை ஒரே நடையில் அடிவைத்துச் செல்ல, வலக்கையின் மெட்டு அதற்கு ஒவ்வாத சுரத்திற் சற்றே தயங்கி நின்று பின்னர் இறங்கும். நளினமான அந்தத் தயக்கத்தை லொங்கோவும் தொடமாட்டார்.

இனி, அவை எஞ்சிய வரலாறு. இச்சொனாற்றாக்களில் ஒன்றேனும் ஸ்கார்லற்றியின் சொந்தக் கையெழுத்தில் இதுவரை கிடைத்ததில்லை. கிடைத்தவை அரசிக்காகப் படியெடுத்தவையே. 1742இலும் 1749இலும் ஒவ்வொரு தொகுதி; 1752 முதல் 1757 வரை பதின்மூன்று தொகுதிகள்; ஆகப் பதினைந்து. ஏறத்தாழ இதேபோன்ற இன்னொரு பதினைந்து தொகுதிகளும் எழுதப்பட்டன. படியெடுத்தவர் பெயர் எதிலும் பொறிக்கப்படவில்லை. ஆசிரியர் இறந்த மறு ஆண்டே, 1758இல், மாணவியும் இறந்தாள். தொகுதிகள் அரண்மனைப் பாடகராயிருந்த ஃபரினெல்லிக்கு உரியவையாகி அவரோடு இத்தாலிக்குச் சென்றன. இன்று ஒரு வரிசை வெனிஸ் நகர நூலகத்திலும் மற்றையது பார்மாவிலும் இருக்கின்றன. முந்தியதில் 496, பிந்தியதில் 463. லிஸ்பனில் ஒரே இடத்தில் இருந்தவை போயின; மட்றிட்டில் இருமுறை எழுதப்பட்டவை நின்றன. பெயர் தெரியாத அந்த எழுத்தர், ஒவ்வாத சுரக்கூட்டம் வந்த இடங்களில் "இது பிழையாயிருக்குமோ" என்று ஒருகணம் இறகைத் தூக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். தூக்கியவர் இருந்தபடியே எழுதிவிட்டார். அவர் என்னைப்போற் சங்கீதத்திற் சித்தி பெற்றவராயிருந்திருந்தாற் கேர்க்பற்றிக்குக்கு ஒப்பிடப் பிரதியே இருந்திராது.

காத்தானின் வரவுப் பாட்டை இப்பொழுது மீண்டும் எழுதியிருக்கிறேன். காந்தாரத்தின் மேலே மத்திமத்தையும் வைத்து, இரண்டையும் ஒரு வளையத்தினால் இணைத்து, பக்கத்தில் 'கால் வைக்கும் இடம்' என்று குறித்திருக்கிறேன். சுரக்குறிப்பில் இதற்கென ஓர் அடையாளம் இருப்பதாக நான் கற்கவில்லை. எழுதியதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, மறு பிரதியொன்றை வேறு கொப்பியில் எழுதி விடுதிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி எங்கள் ஊர்ப் பக்கமாகவே யாழ்ப்பாணம் செல்வதால், ஒரு பிரதி வீதியின் ஒரு முனையிலும் மற்றைய பிரதி அதன் நடுவழியிலும் இருக்கின்றன.

இதுவரை பதினேழு மெட்டுக்கள் முழுமையாகக் கிடைத்துள்ளன. பதினெட்டாவது, தாய் முத்துமாரிக்கும் மகன் காத்தானுக்கும் இடையே நடக்கும் தர்க்கப் பாட்டு. அதன் முதற்பாதி காத்தானுடையது. அப்பப்பா அதனைத் தடங்கலின்றி வாசிக்கிறார். முத்துமாரி விடைசொல்லும் பிற்பாதி வருவதில்லை. அந்த வேடம் பூண்டவர் பாடும்பொழுது தாளத்தை நீட்டியும் குறுக்கியும் பாடுவாராம். பெட்டிக்காரர் அவர் வாயைப் பார்த்தே விரல் வைக்கவேண்டுமாம். அவர் 2009இற்குப் பின் இல்லை. பலநாள் மாலைகளில் அப்பப்பா முதற்பாதியை வாசித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்து, அது முடியும் இடத்தில் துருத்தியை அசைத்தபடியே கட்டைகளின்மேல் கையை வைத்துக்கொண்டிருப்பார்.

"அவன் பாடினால்தான் என்ரை விரலுக்கு வரும்" என்பார்.

முத்துமாரியாக ஆடியவரின் மகள் முல்லைத்தீவுப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதாக அறிகிறோம். சிறுவயதில் தந்தையோடு ஒத்திகைகளுக்கு வந்தவராம். வரும் விடுமுறையில் அப்பப்பாவைப் பேருந்தில் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். பெட்டியையும் கொண்டுபோகவேண்டும் என்கிறார். கொப்பியில் அந்த முதற்பாதிக்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.